கூலியில் சேராத குறிகள்

எனக்குப் பாட்டு வராது.
கல் வரும்.
பாரோஸ் தீவுக் கல்லென்றால் ஒரு தட்டில் சொல்வேன்
உள்ளே விரிசல் உண்டா இல்லையா என்று.
என் காதுக்குத் தெரிந்த சங்கீதம் அவ்வளவுதான்.

கார்த்தையா ஊர்ச்சபை கூப்பிட்டு அனுப்பியது,
கோயில் சுவரில் ஒரு துதிப்பாட்டை வெட்ட.
நூறு எழுத்துக்கு ஒரு திராக்மா.
சிவப்புச் சாயம் அவர்கள் செலவு,
உளி தீட்டுவது என் செலவு.

பாட்டைக் கட்டிய தெலெசோன்
மெழுகுப் பலகையோடு வந்தான்.
சொற்கள் ஒரு வரி; அவற்றின் தலைக்கு மேல்
பொடிப்பொடியாய் வேறு எழுத்துகள்,
களத்தில் கதிரடிக்கும்போது எழும்பும் உமி மாதிரி.
"இதையும் வெட்டணுமா?"
"இதைத்தான் வெட்டணும்" என்றான்.

யாழை மடியில் போட்டு நாலு நரம்பைக் காட்டினான்.
ஓரத்து இரண்டும் கதவு நிலை, நகராது.
நடுவில் இருப்பவை நகரும்;
அவை எங்கே நிற்கின்றனவோ அதை வைத்துத்தான்
பாட்டின் முகம்.
இவன் பாட்டில் இரண்டும்
தாழ்ந்த ஓரத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றன,
மழைக்கு ஒதுங்கிய ஆடுகளாய்.
அதற்கு மேலே பெரிய வெற்றிடம்.
அந்த வெற்றிடத்துக்காகத்தான் இத்தனை பாடு என்றான்.
தாழ்வாக ஒலிக்கும் நரம்புக்கு 'உச்சி' என்று பெயராம்.
யாழைப் பிடிக்கிற பிடியில் அதுதான் மேலே வருமாம்.
தலையாட்டி வைத்தேன்.

எழுத்து விஷயம் மட்டும் பிடிபட்டது.
எப்சிலோன் நிமிர்ந்து நின்றால் ஓர் ஒலி.
மல்லாந்து படுத்து
மூன்று பல்லையும் வானத்துக்குக் காட்டினால்
கால் சுரம் கூடுதல்.
முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றால்
இன்னொரு கால்.
தூக்கத்தில் ஒருவன் புரளுகிற அளவு.

நாலாம் நாள் கணக்கன் ஹெகெசியஸ் வந்தான்,
விரல்விட்டு எண்ணினான்.
மேலே இருப்பவை எழுத்தில்லை, குறி;
குறிக்குச் சபை காசு தராது என்றான்.
எப்சிலோன் எப்படி எழுத்தில்லாமல் போகும்?
படுத்தால் போகும் என்றான்.

அவன் போன கோபத்தில் ஒன்பது குறி வெட்டினேன்.
அதில் ஒன்று,
'கடல்' என்ற சொல்லுக்கு மேலே,
படுக்க வேண்டியது
முதுகைத் திருப்பி நின்றுவிட்டது.

விழாவுக்கு முந்தின மாலை
தெலெசோன் சுவரை விரலால் தடவிக்கொண்டே வந்தான்.
அங்கே விரல் நின்றது.
திட்டுவான் என்று பார்த்தேன்.
குழல்காரி ஃபிலின்னாவைக் கூப்பிட்டான்.
அவள் கன்னத்து வாரைக் கட்டிக்கொண்டு
இரட்டைக் குழலில் இரண்டு விதமாகவும் ஊதினாள்,
துளையை விரல் பாதி மூடியும்
பாதியில் கொஞ்சம் விலக்கியும்.
இரண்டும் எனக்கு ஒன்றுதான்.
அவன் மட்டும்
கல் விழுந்தவன் போல் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.
"கல்லில் இருப்பதும் மோசமில்லை" என்றாள் அவள்,
வாரை அவிழ்த்து வாயைத் துடைத்தபடி.
அதற்கு அவன் அவளோடு பேசவில்லை,
நான் பார்த்தவரை.

சுண்ணமும் மெழுகும் குழைத்து அடைத்தேன்.
அதன் மேல் படுக்கவைத்து வெட்டினேன்.
சாயம் பூசினால் தெரியாது.
விழா நடந்தது, மூன்று ஆடு வெட்டினார்கள்.

ஆறு குளிர்காலம் கழித்து
வேறு வேலையாய்த் தீவுக்கு வந்தேன்.
தெலெசோன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தான்.
என் சுண்ணமும் உதிர்ந்து
எப்சிலோன் பழையபடி முதுகைக் காட்டி நின்றது.
கித்னோஸ் தீவிலிருந்து வந்த பாட்டுக் கூட்டம்
சுவர் முன்னால் நின்று,
குறி குறியாய் வாசித்துப் பழகிக்கொண்டிருந்தது.
அவர்களுக்குச் சுவர் சொன்னதே பாட்டு.

உளிப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.
'கடல்' வரும், அப்போது பார்க்கலாம் என்று
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
வந்தது, போயிற்று.
எங்கே தவறினேன் என்பது
எனக்குக் கேட்கவில்லை.
பக்கத்தில் ஒரு மீன்காரி
கூடையை இறக்காமலே கண்ணைத் துடைத்தாள்.
அது அவன் எழுதியதற்கா
நான் வெட்டியதற்கா என்று கேட்க
எனக்கு மொழியில்லை.

முப்பத்தொரு குறிகள்.
ஹெகெசியஸ் இன்னும் தரவில்லை.