இருபத்து மூணு

கோழிக்குஞ்சுக்கு வெள்ளைக்கழிச்சல் மருந்து போகும்
அதே ஐஸ்பெட்டியில்தான்
ஈரோட்டிலிருந்து என் ஊசிகளும் வந்தன,
மோகனூர் பஸ்ஸில், அவர் மடிமேல்.

நாளைக்கு இரண்டாயிரம் குஞ்சு பார்க்கும் கை.
கழுத்துத் தோலைக் கிள்ளி, குத்தி, விட்டு
அடுத்ததை எடுக்கும்.
தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளி
என் தோலைக் கிள்ளியதும் நடுங்கியது.
"வலிச்சாச் சொல்லு அம்மிணி."
எனக்குச் சிரிப்பு வந்து வயிறு குலுங்க
ஒரு சொட்டு வீணாய்ப் போனது.
அந்தச் சொட்டின் விலையை
அன்றிரவே கணக்குப் போட்டுவிட்டார்.

பத்தாம் நாள் ஸ்கேன்.
இந்தப் பக்கம் பதினொண்ணு,
அந்தப் பக்கம் பன்னெண்டு.
பண்ணையில் முட்டை எண்ணிச் சம்பளம் வாங்குகிறவள் நான்.
இருபத்து மூணு என்றதும் துள்ளி எழுந்தேன்.
டாக்டர் சிரிக்கவில்லை.

"அளவுக்கு மீறிப் போச்சுங்க.
கடைசி ஊசியை இப்பப் போட்டா
வயித்துல தண்ணி கோத்துக்கும், மூச்சு முட்டும்.
இந்த மாசம் வேண்டாம்.
தினமும் எடை பாருங்க.
திடீர்னு ஏறுச்சுன்னா, ஒண்ணுக்குப் போறது குறைஞ்சா
ராத்திரின்னு பாக்காம வந்தரோணும்."

தீவன மூட்டை நிறுக்கும் தராசில்
விடிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுகிறேன்.
அவர் முள்ளைப் பார்க்கிறார்.
ஐம்பத்தி நாலரை. நேற்றும் அதே.
"செரி, எறங்கு" என்கிறார்,
மூட்டையிடம் சொல்வதுபோல.
ஆனால் கை பிடித்துத்தான் இறக்கிவிடுகிறார்.

போடாத ஊசி
ஃபிரிட்ஜ் கதவில், முட்டைக்குழி ஒன்றில்
சாய்ந்து கிடக்கிறது.
கரண்ட் போனால் கதவைத் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

அட்டையைத் திருப்பித் தேதி பார்த்தேன்.
ஆவணி தாண்டும்.