ஷ்மெல்ட்ஸ்

நாற்பத்தொரு வயதில் பல்லுக்குக் கம்பி கட்டியவள்
லாங்கெந்தாலில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.
அதுவும் ரொபி ஆலையில்,
இரண்டாம் கொதிகலனில், இரவு வேலை.
காற்றிலேயே சீனி.
இமை மயிரில் சீனி, காதுமடலில் சீனி,
வாயை இறுக்கி மூடினாலும்
நாக்குக்கு எப்படியோ செய்தி போய்விடும்.

ஒவ்வொரு காய்ச்சுக்கும் ஒன்றை எடுத்து
மென்று பார்த்துச் சொல்வது என் பொறுப்பு.
பதினோரு வருடம் மென்றேன்.
இப்போது வ்லோரா மெல்கிறாள்.

ஆறாம் மாதம் டொக்டர் நீடெரர்
என் வாயின் படத்தைத் திரையில் பெரிதாக்கினார்.
இடது கோரைப்பல்லில், ஒட்டிய உலோகத் துண்டைச் சுற்றி
வெண்கட்டியால் கீறியதுபோல் ஒரு விளிம்பு.
வெள்ளை நல்லதுதானே என்றேன்.
இந்த வெள்ளை இல்லை என்றார்.
கம்பிக்கடியில் தங்கியது புளித்து
பல்லின் சுண்ணாம்பை இழுத்துக்கொண்டு போகிறதாம்.
இப்படியே விட்டால், கழற்றும் நாளில்
வரிசையான பற்கள் இருக்கும்,
ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளை ஜன்னல் சட்டம் இருக்கும்.
காப்புறுதி ஒரு சதமும் தராத ஜன்னல்.

போய்க்கொண்டிருப்பதன் பெயர் ஷ்மெல்ட்ஸ் என்றார்.
சிரிப்பு வந்தது. சிரித்தால் வலித்தது.
ஆலையில் அந்தச் சொல்லை நாங்கள்
உருகுவதற்கு வைத்திருக்கிறோம்.
உடம்பிலேயே கடினமான பொருளுக்கு
உருகலின் பெயரை வைத்திருக்கிறது டொச்.
தமிழில் பற்சிப்பி.
முத்துப்பல் என்று பாடியவர் எவரும்
முத்து புளிப்பில் கரையும் என்று சொல்லவில்லை.

இப்போது இடைவேளைகளில்
பெண்கள் கழிவறையின் இரண்டாவது குழாய் என்னுடையது.
ஊசி மாதிரிச் சின்னத் தூரிகை,
கம்பிக்குக் கீழே நுழைத்து
மேலிருந்து ஒருமுறை, கீழிருந்து ஒருமுறை.
தோடம்பழச் சாறு குடித்த நாளில்
உடனே தேய்க்கக் கூடாது, அரை மணி பொறுக்க வேண்டும்.
ஊறிய சுவரை யார் சுரண்டுவார்கள்?
சனி இரவில் ஃபுளோரைட் களி,
துப்பிவிட்டுத் தண்ணீர்கூட இல்லாமல் படுக்கை.
மேற்பார்வையாளர் க்யூன்ட்ஸி மணிக்கூட்டைப் பார்ப்பார்.
வ்லோரா அல்பேனிய மொழியில் ஏதோ சொல்வாள்,
அவருக்குப் புரியாது,
ஆனாலும் திரும்பிப் போய்விடுவார்.

பல்லைக் கடித்துக்கொண்டே வாழ்ந்தவள் நான்,
விசாவுக்கு, வாடகைக்கு, மற்ற எல்லாவற்றுக்கும்.
இனிக் கடிக்கக் கூடாது, கம்பி கழன்றுவிடும்.
வாயைத் தளர்த்திக்கொண்டு பொறுப்பது எப்படி என்று
இந்த வயதில்தான் படிக்கிறேன்.

பதின்மூன்றாம் மாதம். வெள்ளை போகவில்லை.
பெருகவும் இல்லை.
அதற்கே டொக்டர் பேனையால் ஒரு சரி போட்டார்.

காலை நாலு மணிக் காய்ச்சு.
வ்லோரா கண்ணை மூடி மெல்கிறாள்.
எப்படி என்கிறேன்.
நான் பத்துச் சொல்லில் எழுதி வந்ததை
அவள் ஒற்றைச் சொல்லில் முடிக்கிறாள்:
ஷ்மெல்ட்ஸ்.

என் நாக்கு தன்பாட்டில் போய்
இடது கோரைப்பல்லைத் தொட்டுப் பார்க்கிறது.