இரண்டாவது ஊசி

ராத்திரி இரண்டு மணிக்கு அந்தச் சத்தம்.
கொட்டகைச் சுவரில்
நூற்றறுபது கிலோ ஏறி இறங்கித் தேய்கிறது.
பாகூரில் நாலு நாளாக மழை விடவில்லை.
மழைக்குள்ளும் அது தனியாகக் கேட்கிறது,
யாரோ நமுத்த தீக்குச்சியைக்
கிழித்துக்கொண்டே இருப்பதுபோல.

விடிந்ததும் காதுக்குள் டார்ச் அடித்தேன்.
காய்ந்த கஞ்சிபோலப் பொருக்கு.
கழுத்து மடிப்பில் தோல் தடித்து வெடித்து,
யானையிடம் கடன் வாங்கியதாக இருந்தது.

குரும்பாப்பேட்டையிலிருந்து வந்த டாக்டரம்மா சுகிர்தா
பிளேடால் சுரண்டிக் கண்ணாடியில் தேய்த்தார்.
"பேன் என்றால் கண்ணுக்குத் தெரியும்.
இது தோலுக்குள் சுரங்கம் வெட்டிக் குடியிருக்கிற ஜாதி."
சொல்லிவிட்டு என் மணிக்கட்டைப் பார்த்தார்.
முந்தானையால் மூடிக்கொண்டேன்.
"பயப்படாதீங்க. உங்க தோல் அதுக்கு லாட்ஜுதான்,
வீடு அங்கே."

முப்பத்து மூன்று கிலோவுக்கு ஒரு மில்லி.
காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில்.
முட்டையை மருந்து தொடாது,
பொரிக்க விட்டுப் பிடிக்க வேண்டும்,
அதனால் பதினாலாம் நாள் மறுபடி.
கன்னியப்பன் மேல்தாடையில் சுருக்குப் போட்டு இழுக்க
பதினேழும் அலறின.
பக்கத்துக் கொல்லையில் கரும்பு வெட்டுகிறவர்கள்
கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

கிடாவை மட்டும் விட்டுவிடலாமே என்றேன்.
மேனி வழவழ. மருந்தும் மிச்சம்.
டாக்டரம்மா பேசாமல் அதன் காதை மடித்துக் காட்டினார்.
உள்ளே ஒரு ஊரே இருந்தது.
எல்லாப் பெட்டைகளிடமும் போய்வருகிறவன்,
வெளியே ஒரு கீறல் இல்லை.
இப்படி வெளுத்த சட்டைகள் எனக்குப் புதிதல்ல.

சாயங்காலம் நெல்லித்தோப்பு செவத்தியான் போன் போட்டார்.
"கிறிஸ்துமஸுக்கு ஆறு உருப்படி. அட்வான்ஸ் அனுப்பவா?"
இரண்டாவது ஊசி டிசம்பர் இரண்டு.
அதிலிருந்து இருபத்தெட்டு நாள் கறிக்கு ஆகாது.
தப்பாக எண்ணிவிடும் ஆசையோடு
விரல் மடக்கி எண்ணினேன்.
முப்பதாம் தேதிதான் வந்தது.
"யாருக்குத் தெரியப்போவுது?"
நான் மணிக்கட்டைச் சொறிந்துகொண்டிருந்தேன்.
"நியூ இயருக்கு எடுத்துக்குங்க."
அவர் போனை வைத்த விதம் நன்றாக இல்லை.

வைக்கோலைக் கொளுத்தப் பார்த்தோம்,
ஈரம், வெறும் புகை.
சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம்.
சினையாய் இருந்த இரண்டையும் தனியாகக் கட்டினோம்,
குட்டிகள் முதல் பாலோடு
அரிப்பையும் குடித்துவிடக் கூடாதென்று.

டிசம்பரில் ஏதோ ஒரு ராத்திரி
தூக்கி வாரிப்போட்டு எழுந்தேன்.
சத்தமே இல்லை.
செத்துவிட்டதா?
செருப்பில்லாமல் ஓடினேன்.

ஒருக்களித்துக் கிடந்தது. வயிறு ஏறி இறங்கியது.
ஒற்றைக் கண்ணைத் திறந்து,
டார்ச்சை அணைடி என்பதுபோல ஓர் உறுமல்.
அணைப்பதற்குள் பார்த்துவிட்டேன்,
அது முதுகு தேய்க்கும் உயரத்தில்
சுண்ணாம்பு அடித்தபடியே இருந்தது.

கன்னியப்பனுக்கு இன்னும் பாதிச் சம்பளம் பாக்கி.