அமாவாசை, பதினெட்டாம் அத்தியாயம்

நான் கணக்கு வாத்தியார்.
இலக்கியம் எடுக்கும் டூர்தீஸ்
பேறுகால விடுப்பில் போனதும்
இந்த நாவல் என் மேசைக்கு வந்தது.
பதினான்கு பிரதிகள்.
மூன்றில் யாரோ காப்பி கொட்டியிருந்தார்கள்.

குறிப்பேட்டில் அவள் எழுதி வைத்திருந்தாள்:
"எது வரலாறு, எது கற்பனை என்று
பிள்ளைகள் பிரித்துக் காட்ட வேண்டும்."

பிரிப்பது எனக்குப் பிடிக்கும்.
பலகையின் நடுவே ஒரு கோடு.
இடப்பக்கம் நடந்தவை:
நாற்பத்து நான்காம் வருடம்,
நார்வேயின் வடகோடியிலிருந்து பின்வாங்கும் ஜெர்மன் படை,
எல்லோரும் ஊரைக் காலி செய்ய ஓர் உத்தரவு,
துறைமுகம் தொடங்கிக் கோழிக்கூண்டு வரை வைத்த தீ.
வலப்பக்கம் நடக்காதவை:
ஹெர்பியோர்க் என்ற பன்னிரண்டு வயதுக்காரி,
கயிறு கட்டி அவள் இழுத்துப்போன கன்று.

இருபது நிமிடத்தில் பாடம் முடிந்துவிட்டது.
மதியம் ஒரு மணிக்கே சன்னலில் இருட்டு.
எங்கள் நவம்பர் அப்படி.

சுன்னீவா கை தூக்கினாள்.
வாத்தியாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஊர் இது.
"ஒட்வார், பதினெட்டாம் அத்தியாயம் தப்பு.
முழுநிலா வெளிச்சத்தில் மலைப்பாதையில் ஏறினாள்னு இருக்கு.
தேதியும் போட்டிருக்கு, நவம்பர் பதினைந்து.
கைபேசியில பார்த்துட்டேன்.
அன்னைக்கு அமாவாசை."

ஒரு புத்தகத்தைக் கையும் களவுமாகப் பிடித்த
பதினைந்து வயதின் ஆனந்தம் இருக்கிறதே!
"அப்போ பூரா பொய்யா?"
"கன்னும் பொய்தானே?"
"இதுக்குப் பரீட்சை வேற எழுதணுமா?"

நானும் உள்ளூரச் சிரித்தேன்.
தப்பான விடையைச் சுழிப்பது
இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.
நிலாவை வலப்பக்கம் எழுதினேன்.
ஆனால் ஒன்றை அந்தப் பக்கம் தள்ளினால்
இந்தப் பக்கம் என்ன மிச்சம் என்று பார்ப்பது
எங்கள் இனத்தின் வியாதி.
கேட்டுவிட்டேன்:
"சரி, நிலா இல்லை. கும்மிருட்டு.
அப்புறம் வழி எப்படித் தெரிந்தது அவளுக்கு?"

லாந்தர் என்றான் ஒருவன்.
பார்த்தால் சுட்டிருப்பார்கள் என்றாள் மற்றவள்.
வழி மனப்பாடம் என்றார்கள்.
கன்றுக்கு மனப்பாடம் இல்லையே,
பள்ளத்தில் கால் வைத்தால் என்ன ஆவது என்று
இல்லாத கன்றுக்காகச் சண்டைக்கு வந்தார்கள்,
சற்றுமுன் அதைப் பொய் என்றவர்களே.

கடைசி வரிசையில் ஆந்தெ.
வருகைப் பதிவின்போது மட்டும் வாய் திறப்பவன்.
அப்பா தீயணைப்பு வண்டி ஓட்டுகிறார்.
மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:
"போன மார்ச்சுல படகுக்கொட்டகை எரிஞ்சப்போ
ராத்திரி ரெண்டு மணி.
வளைகுடாவுக்கு இந்தக் கரையில நின்னேன்.
என் கையுறையோட தையல் தெரிஞ்சது.
அது ஒரே ஒரு கொட்டகை."

மூக்கை உறிஞ்சினான்.

"அவளுக்கு ஊர் பூரா."

ரேடியேட்டர் மட்டும் டக் டக்கென்றது.
சுன்னீவா பென்சிலை எடுத்து
நிலாவை அடித்துவிட்டு
வரிக்கு மேலே பொடியாக எதையோ எழுதினாள்.
பக்கத்திலிருந்தவன் எட்டிப் பார்த்து எழுதினான்.
அவனைப் பார்த்து அடுத்தவள்.
நானும் குனிந்து பார்த்தேன்:

*தன் வீட்டு வெளிச்சத்தில்
மலைப்பாதையில் ஏறினாள்.*

மணி அடித்தது.
கன்று திரும்பிப் பார்த்திருக்குமா என்று
அடுத்த வகுப்பு வந்து கதவைத் தட்டும்வரை
விவாதித்தார்கள்.
என்னைக் கேட்டார்கள். தெரியாது என்றேன்.
அந்த வார்த்தையை இந்த அறையில் நான்
அதிகம் சொன்னதில்லை.

அன்புள்ள டூர்தீஸ்,
குழந்தை நலமா?
உன் பிரதிகளில் நூற்று இருபத்தாறாம் பக்கம் கெட்டுவிட்டது,
என்னுடையது உட்பட, பதினான்கிலும்.
நூலகத்துக்கு அபராதம் நானே கட்டிவிடுகிறேன்.
தயவுசெய்து யாரும் அழிக்க வேண்டாம்.