பதினான்காம் வினா

ஈசூன் பள்ளியில் எனக்குத் தந்த அறை
வாத்தியக்குழுவின் சாமான் அறைக்கு அடுத்தது.
நேர்காணல் தொடங்கினால் போதும்,
சுவருக்கு அப்பால் யாரோ ஒரு டிரம்பெட்டை
வதைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

நாற்பது வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டங்கள்,
ஒருபோதும் இல்லை என்பதிலிருந்து எப்போதும் வரை.
பெயர் எழுத வேண்டாம் என்று
முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் இருக்கிறது.
அவன் 0317. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்
என்றுதான் அறிக்கையிலும் எழுதுவேன்.
ஆனால் தாழ்வாரத்தில் ஒருவன்
"டேய் யுகேந்திரா, மாட்டிக்கிட்டியா லா!" என்று கத்தினானே,
அதை எந்த நெறிமுறைக் குழு
என் காதிலிருந்து அழிக்கும்?

பதினான்கில் பென்சில் நின்றது.
கடந்த ஆறு மாதங்களில்
பிறர் பொருளை அவர் அறியாமல் எடுத்திருக்கிறேன்.

"மிஸ், எடுத்துட்டுத் திருப்பி வச்சா
அதுவும் கணக்கா?"

கையேட்டைப் புரட்டினேன்.
கடன் வாங்கி மறந்ததற்கு ஒரு குறிப்பு இருந்தது.
குடும்பத்தாரின் பொருளுக்கு ஒன்று.
இதற்கு இல்லை.

ஜீ ஹாவோட ஷூ, மிஸ். வெள்ளை. சைஸ் ஒன்பது.
என்னோடது அடி பிளந்து வாயைத் திறந்துக்குச்சு.
அந்த 2.4 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு மட்டும்தான்.
ஓடி முடிச்சு ஈர டிஷ்யூவால துடைச்சு
கயிறைக்கூட அவன் கட்டுற மாதிரியே கட்டி வச்சேன்.
மூணு தடவை.
எடுக்கும்போது ஒருத்தரும் பார்க்கலை.
திருப்பி வைக்கும்போதுதான்
மிஸ்டர் ஹலீம் கையைப் பிடிச்சார்.

அவன் கோப்பில் ஒரே சொல்: திருட்டு.
எத்தனை நிமிடத்தில் ஓடினான் என்பது
எங்கும் இல்லை.

மீள்திறன் பகுதிக்கு வந்தோம்.
அப்படின்னா என்ன என்றான்.
மேசையில் கிடந்த ரப்பர் வளையத்தை
இரு விரலில் மாட்டி இழுத்துக் காட்டினேன்,
பயிற்சிப் பட்டறைகளில் எல்லாரும் செய்வதுபோல.
அவன் வளையத்தைப் பார்க்கவில்லை.
என் விரல்களைப் பார்த்தான்.
"நீங்க விட்டாத்தானே மிஸ்
அது திரும்பும்?"

அப்பால் டிரம்பெட்
தற்செயலாக ஒரு சுரத்தைச் சரியாகத் தொட்டு
திடுக்கிட்டு நின்றது.

அன்றிரவு நாற்பத்தொன்றாம் வினாவை எழுதினேன்:
எடுத்ததைத் திருப்பி வைத்திருக்கிறேன்.
டாக்டர் கோவிடமிருந்து இரண்டே வரி.
சோதிக்கப்படாத வினா.
அளவுகோலைக் கெடுக்கும்.
அவர் சொன்னது சரி. அதுதான் எரிச்சல்.

எட்டு மாதம் கழித்து இரண்டாம் சுற்றில்
0317 இல்லை.
வேறு பள்ளி என்றார்கள். இல்லை, விடுதி என்றார்கள்.
அம்மாவோடு ஜொகூருக்குப் போயாச்சு என்றார்
கேன்டீனில் மீ கோரெங் விற்பவர்,
அவன் முப்பது காசு பாக்கி வைத்திருப்பதையும் சேர்த்து.
கட்டத்தில் 99 இட்டேன்.
வராதவருக்கும் 99, வாய் திறவாதவருக்கும் 99,
தாளைக் கிழித்துப் போட்டவருக்கும் அதே.
அவன் இல்லாமலே
வரைபடத்தில் கோடு அழகாக விழுந்தது.
கருத்தரங்கில் தலையாட்டுவார்கள்.

வெள்ளிக்கிழமை ரயில், காத்திப் தாண்டும்போது
பையில் தண்ணீர்ப் புட்டியைத் துழாவிய கையில்
பள்ளியின் ஸ்டேப்ளர் இடறியது.
பச்சை நிறம். அடியில் மார்க்கரில் 'கணிதத் துறை'.
எப்போது எடுத்தேன்?
எதிரே உட்கார்ந்திருந்த சீருடைப் பிள்ளை
என்னைப் பார்த்ததாகத் தோன்றியது. பையை மூடினேன்.
பதினான்கு: எப்போதாவது.

திங்கள் காலை ஏழேகால்.
கொடியேற்றத்துக்கு எல்லாரும் திடலில்.
அறையில் விளக்கைப் போடவில்லை,
ஏன் போடவில்லை என்று இப்போதும் தெரியவில்லை.
ஸ்டேப்ளரை மேசையில் வைக்கப் போகையில்
தாழ்வாரத்தில் காலடிச் சத்தம்.

கை
பாதி வழியில் நின்றது.