தூங்குமூஞ்சி

இடது இமை துடித்தால் பெண்ணுக்கு நல்லதாம்.
மூன்று வாரமாய்த் துடிக்கிறது.
அவ்வளவு நல்லதை எங்கே வைப்பதென்று தெரியாமல்
குளிர்பெட்டிக் கதவின் முன் நிற்கிறேன்.
அங்கேதான் என் அட்டவணை,
ஒரு காந்த மீன் அதைக் கவ்விக்கொண்டிருக்கிறது.

ஐந்து மணிக்கு எழல்.
ஐந்தரைக்கு மாடிப்படி, பன்னிரண்டு தளம், இரண்டு முறை.
திங்கள் புதன் கணக்கியல்.
செவ்வாய் நீச்சல்.
வியாழன் காலியாக இருந்தது. பார்க்கப் பொறுக்காமல்
மேடைப் பேச்சு என்று எழுதினேன்.
ஜப்பானிய மொழி தினமும் பத்து நிமிடம்:
செயலியில் ஒரு சின்னத் தீ,
இருநூற்றுப் பதினொரு நாளாய் அணையவில்லை.
ஜப்பானில் எனக்கு யாரையும் தெரியாது.

பகலில் பிடோக்கில், பல் மருந்தகத்தின் முன்மேசை.
கன்னத்தைப் பிடித்தபடி வருகிறவர்களுக்கு
அடுத்த தேதி எழுதிக் கொடுப்பவள் நான்.
ஹஸ்லிண்டா கேட்டாள்,
"இதெல்லாம் முடிந்ததும் என்ன ஆவாய்?"
"மேம்பட்டவள்" என்றேன்.
அவள் பேசாமல் என் தே ஓவை என் பக்கம் நகர்த்தினாள்.
ஆறிப்போயிருந்தது.

புதன்கிழமை. ஆறு ஐந்து ரயில்.
நேரத்தை ஆள்வது எப்படி என்று
காதுக்குள் ஒருவர்
ஒன்றரை மடங்கு வேகத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்.
பாய லேபார் வரை கேட்டேன்.
பிறகு யாரோ விளக்கை அணைத்தார்கள்.
நான்தான்.

டோவரில் என் வகுப்பு மட்டும் இறங்கிப் போனது.
கிளமெண்டி, ஜூரோங் ஈஸ்ட், பூன் லே என்று
ரயில் என்னைச் சுமந்து போயிருக்கிறது,
கல்யாண வீட்டில் தூங்கிவிட்ட பிள்ளையைத்
தோளில் போட்டுக்கொண்டு போவதுபோல.

துவாஸ் லிங்க்.
துப்புரவாளர் கம்பியை மெல்லத் தட்டினார்.
"முடிஞ்சிருச்சும்மா. இதுக்கு மேல போகாது."
எத்தனை காலமாயிற்று,
ஒன்று முடிந்துவிட்டதென்று
யாராவது என்னிடம் சொல்லி!

வெளியே தொழிற்சாலைப் பேருந்துகள்,
பாதையோரம் காலணி கழற்றி உட்கார்ந்திருக்கும் ஆட்கள்,
அவர்களுக்கு மேல் ஒரு மரம்.
பகலெல்லாம் நான்கு தடச் சாலைக்கு நிழல் போட்டது
இப்போது இலைகளை இரண்டிரண்டாய் மூடி
வானத்தை உள்ளே விட்டிருந்தது.

மலாயில் இதற்குப் புக்குல் லிமா என்று பெயர்,
ஐந்து மணி மரம். ஹஸ்லிண்டா சொல்லியிருக்கிறாள்.
எனக்கு ஐந்து என்றால் அலாரம்;
மரத்துக்கு ஐந்து என்றால் கடையடைப்பு.
தமிழ் இன்னும் பச்சையாகவே சொல்கிறது:
தூங்குமூஞ்சி.
பள்ளியில் என்னை யாராவது அப்படி அழைத்திருந்தால்
கழிவறையில் போய் அழுதிருப்பேன்.
மரம் அழவில்லை.
அந்தப் பெயரோடே ஐந்து மாடி உயரம் வளர்ந்து,
அடிமரத்தில் பெரணியும் ஒட்டியிருக்க,
இன்றைக்கும் சரியான நேரத்துக்குத் தூங்கிவிட்டது.

கைபேசியில் பதினான்கு செய்திகள்.
ஒன்பதாவது பக்கம் எங்கே என்று ஜியா ஹுய்.
ரயில் தாமதம் என்று தட்டினேன்.
அழித்தேன். ரயில் சரியாகத்தான் வந்தது.
தூங்கிவிட்டேன் என்று அனுப்பினேன்.
உடனே பதில்: ஒரு சிரிப்பு முகம்,
பின்னாலேயே, நானும் வகுப்பில் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அன்று நள்ளிரவில் சின்னத் தீ அணைந்தது.
புகை எதுவும் வரவில்லை.

வியாழனை அடித்துவிட்டேன்.
நீச்சலை விடமாட்டேன், தண்ணீர் எனக்குப் பிடிக்கும்.
கணக்கியலில் ஒரு பாடம் அடுத்த பருவத்துக்குப் போயிற்று;
அதற்கான படிவத்தில் காரணம் எழுத
ஒரே ஒரு வரிதான் விட்டிருந்தார்கள்.
மாடிப்படி, பார்க்கலாம்.

இருநூற்றுப் பதினொரு நாளில்
ஒரு சொல் மட்டும் தங்கியிருக்கிறது: ஓயாசுமி.
மறக்காமலிருக்க அதை
ஓயாச் சுமை, ஓயாச் சுமை என்று மனப்பாடம் செய்திருந்தேன்.
அதற்கு அர்த்தம்,
நன்றாகத் தூங்கு.

இமை இன்னும் துடிக்கிறது.
நேற்றைவிடக் கொஞ்சம் குறைவாக.