வெயில் அவே

செய்துங்கநல்லூர் தாண்டி
வாழைக்கும் உடைமரத்துக்கும் நடுவில் என் ரயில்வே கேட்.
இலாகாப் பரீட்சையில் இங்கிலீஷ் ஒரு தாள்.
போனில் வகுப்பெடுக்கும் பெண்குரல்
காலையில் ஒரு சொல் கொடுத்தது.
காதில் விழுந்தபடி நோட்டில் எழுதினேன்:
வெயில் அவே.

பொழுதை இனிமையாகப் போக்குதல் என்றாள்.
அது வெயில் இல்லையாம், எழுத்துக்கூட்டிக் காட்டினாள்.
நான் அடித்துத் திருத்தவில்லை.
எங்கள் பக்கம் பொழுது என்றாலே சூரியன்தான்.
கிளம்பும், உச்சிக்கு வரும், கோழி மாதிரி அடையும்.
அதைப் போக்குகிறது யார்?
நேரத்தைக் கொல்வது வேறு, அதில் இனிப்பில்லை என்றாள்.
கழிப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை.
கழித்தல் எனக்குத் தெரியும்,
மாசாமாசம் சம்பளத்தில் செய்கிறேன்.

சொந்த வாக்கியத்தில் அமைத்து எழுதவும்.

பதினொன்று நாற்பத்திரண்டுக்கு அடைத்தேன்.
வண்டி தாதன்குளத்திலேயே நின்றுகொண்டது.
மீன்காரர் டி.வி.எஸ்ஸை அணைத்தார்.
பெட்டியடியில் ஐஸ்தண்ணி சொட்டச் சொட்ட
சொட்டுக்கொரு தரம் என்னைப் பார்த்தார்.
"ஏட்டி, சாளை நாறிரும். நீயா வாங்குவ?"
கொடைக்குப் போகிற மைக்செட் வேனில்
குழாய்மேல் காலை நீட்டி ஒருத்தன் தூங்கிவிட்டான்.

பஸ்ஸைவிட்டு இறங்கினான் கருங்குளத்துப் பையன்.
தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், ஸ்கூட்டியில்,
மருந்துக்கடைப் பேராச்செல்வி.
ரெண்டு பேர் பையிலும் போன் உண்டு. எடுக்கவில்லை.
"என்ன கொழம்பு?"
"புளித்தண்ணி."
"தொட்டுக்க?"
"சொல்ல மாட்டேன்."
"அவிச்ச முட்ட?"
"இல்ல."
"கருவாடு?"
கண்டக்டர் அப்பளம் என்றார். அதுவும் இல்லையாம்.
பஸ்ஸில் பாதிப்பேர் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள்.

அப்புறம் வண்டி வந்து
அவர்களுக்கு நடுவே நீளமாகப் போனது.
கடைசிப் பெட்டியும் கடந்தபின்
பச்சைக்கொடியைச் சுருட்டிவிட்டுக் கைப்பிடியைத் தொட்டேன்.
அவன் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.
"துவையலா? எந்தத் துவையல்?"
சாளைப்பெட்டியை ஒருதரம் பார்த்தேன்.
பிறகு பத்து எண்ணினேன்,
இங்கிலீஷில், நிறுத்தி நிறுத்தி.

திறந்த நேரம் பதினொன்று ஐம்பத்தொன்பது
என்று ரிஜிஸ்தரில் இருக்கிறது.
பத்து எண்ணியதற்கு அதில் கட்டம் கிடையாது.
நோட்டில் வாக்கியம் இன்னும் எழுதவில்லை.

எல்லா வண்டியும் போனபின் பார்த்தால்
கேட்ரூம் படியில் தாமரை இலைப் பொட்டலம்.
பாதித் தூரம் போயிருந்த மீன்காரர்
திரும்பாமலே கத்தினார்:
"நாறுததுக்குள்ள கொழம்பு வையி!"